நியூ, ஃப்ரெஷ், லேட்டஸ்ட்: எதற்கு எதிர் என்று கேளுங்கள்

பெங்களூரு அல்சூர் மார்க்கெட்டில் அரிசிக் கடைக்குப் போனால் அதே சோனா மசூரிக்கு இரண்டு விலை சொல்வார்கள். 'நியூ' விலை குறைவு. 'ஓல்டு' கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல். அங்கிருந்து எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் கணக்கு தலைகீழ். அங்கே 'நியூ' லேப்டாப்புக்குத்தான் விலை. 'ஓல்டு' அதைவிடப் பல ஆயிரம் குறைவாகக் கிடைக்கும்.

அரிசிக் கடையில் 'நியூ'வுக்கு எதிர், ஓராண்டு இரண்டாண்டு மூட்டையிலேயே இருந்து ஈரம் வற்றிய அரிசி. புது அரிசியில் ஈரப்பதம் அதிகம். வேகும்போது கஞ்சி நிறைய விடும், ஒன்றோடொன்று ஒட்டும். பழைய அரிசிக்கு வைக்கிற அதே அளவு தண்ணீரை வைத்துக் குக்கரை ஏற்றினால் குழைந்துவிடும். சர்க்கரைப் பொங்கலுக்கு அது நல்லது, பிரியாணிக்கு ஆகாது. லேப்டாப் கடையில் 'நியூ'வுக்கு எதிர், இன்னொருவர் கைபட்ட பொருள். எதிர்ச்சொல் மாறியதும் மதிப்பே மாறிவிட்டது.

புதுமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பழக நினைப்பவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: இந்த இடத்தில் இதற்கு எதிர் எது? 'நியூ என்றால் புதிய, ஃப்ரெஷ் என்றால் புத்தம் புதிய, மாடர்ன் என்றால் நவீன' என்று பொருள் பட்டியலை மனப்பாடம் செய்தால் பரீட்சைக்குப் போதும். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அலுவலகத்தில் மின்னஞ்சல் எழுத அது போதாது.

'நியூ'வுக்கு எதிரே நிற்பவை

ஒருவர் பத்து வருடம் ஓடிய மாருதியை செகண்ட் ஹேண்டாக வாங்கிவந்து, 'திஸ் இஸ் மை நியூ கார்' என்கிறார். பொய் இல்லை. இங்கே எதிர், அவரிடம் முன்பு இருந்த கார். அதையே 'ஐ பாட் இட் நியூ' என்று சொன்னால் பொய். பெயருக்குப் பின்னால், 'வாங்கினேன்' என்ற வினையோடு சேர்ந்து 'நியூ' வந்தால், ஷோரூமிலிருந்து முதல் ஆளாக எடுத்தேன் என்று பொருள். சொல் நின்ற இடம் மாறினால் எதிரும் மாறுகிறது.

அலுவலகத்தில் 'நியூ மேனேஜர்' வருகிறார் என்றால் அவருக்கு 58 வயது இருக்கலாம், முப்பது வருட அனுபவம் இருக்கலாம். எதிர், அந்த நாற்காலியில் முன்பு உட்கார்ந்திருந்தவர். 'ஓல்டு பாஸ்' என்பதும் இப்படித்தான், வயதைச் சொல்லவில்லை. நம் 'பழைய முதலாளி'யும் அதே வேலையைச் செய்கிறது. இந்த இடத்தில் தமிழ் மனம் தடுமாறத் தேவையில்லை.

'ஐ ஆம் நியூ டு பெங்களூரு' என்பதில் எதிர், பழகியவர். 'ஊருக்குப் புதுசு' என்று நாம் சொல்வதில் உள்ள 'க்கு'தான் அங்கே 'டு'. வேலை, மென்பொருள், உணவுப் பழக்கம் எல்லாவற்றுக்கும் இதே 'நியூ டு' போதும். இன்னும் ஒரு பயன்பாடு உண்டு: சாப்பாட்டு மேசையில் கரண்டி கீழே விழுந்தால் 'எ நியூ ஸ்பூன் ப்ளீஸ்' என்பார்கள். கடையிலிருந்து வாங்கிவரச் சொல்லவில்லை. வேறொன்று வேண்டும் என்கிறார்கள். இங்கே எதிர், கீழே விழுந்தது.

வருமான வரியில் 'நியூ ரெஜிம்' இன்னொரு வகை. 2020 பட்ஜெட்டில் வந்தது, 2023-24 நிதியாண்டிலிருந்து நாமாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுதான் பொருந்தும். ஆனால் 'ஓல்டு ரெஜிம்' செத்துப்போய்விடவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. ஏப்ரலில் அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது 'நியூ' என்பதைப் பார்த்து, பழையதைத் திருத்திய பதிப்பு, ஆகவே மேலானது என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. வீட்டுக்கடன் வட்டி, வாடகைப்படி என்று கழிவுகள் நிறைய உள்ளவர் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இங்கே 'நியூ' என்பது இரண்டு கதவுகளில் ஒன்றன் பெயர், அவ்வளவுதான்.

பெயருக்குள் புகுந்துவிட்டால் 'நியூ' உறைந்துபோகும். ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜ் தொடங்கியது 1379இல். பாரிஸ் நகரத்தில் 'புதுப் பாலம்' என்று பொருள்படும் பெயருள்ள பாலம் 1607இல் கட்டி முடிந்தது; அந்த ஊரில் இன்று நிற்கும் பாலங்களில் அதுதான் மிகப் பழையது. நம் நியூ திப்பசந்திராவும் நியூ பி.இ.எல். ரோடும் இந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

பெங்களூரு சாலைப் பெயர்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 'ஓல்டு மெட்ராஸ் ரோடு', 'ஓல்டு ஏர்போர்ட் ரோடு' இரண்டும் கேட்க ஒரே மாதிரிதான். முதலாவதில் பழையது சாலை: கே.ஆர். புரம், ஹோஸ்கோட்டை, கோலார் வழியாக மெட்ராஸுக்குப் போகும் பழைய வழி. இரண்டாவதில் பழையது விமான நிலையம். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்ததும் அதற்கு முன்பு இருந்த எச்.ஏ.எல். விமான நிலையத்தின் வழக்கமான பயணிகள் சேவை நின்றுபோனது. அதற்குப் போகும் சாலை 'பழைய ஏர்போர்ட்' சாலை ஆனது. அடைமொழி அடுத்த சொல்லைப் பிடிக்கிறதா, அதற்கும் அடுத்த சொல்லைப் பிடிக்கிறதா என்பதை ஆங்கில எழுத்து சில நேரம் ஒரு சிறு கோடு போட்டுக் காட்டும். வங்கி விளம்பரத்தில் 'நியூ' என்பதற்கும் 'கார்' என்பதற்கும் நடுவில் அந்தக் கோடு இருந்தால், புதுக் காருக்கான கடன். கோடு இல்லாமல் 'நியூ கார் லோன்' என்று இருந்தால், கார்களுக்குப் புதிதாக அறிமுகமாகும் கடன் என்றும் படிக்கலாம். நீங்கள் எழுதும்போது அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள். படிப்பவர் தடுமாற மாட்டார்.

பணம் அதிகம் போகும் இடம் வீடு. 'நியூ லான்ச்' என்றால் பல நேரங்களில் இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத கட்டடம். எதிர், 'ரெடி டு மூவ்'. 'நியூ ஃபிளாட்' என்று தரகர் சொன்னால், யாரும் குடியேறாதது என்றா, கட்டிக்கொண்டிருப்பது என்றா என்று கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் வரி மாறுகிறது. கட்டி முடித்த சான்றிதழ் வருமுன் வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மலிவுவிலை வீட்டுக்கு 1 சதவீதம். சான்றிதழ் வந்த பிறகு முழுத் தொகையையும் கொடுத்து வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. இரண்டையும் விற்பவர் 'நியூ' என்றே சொல்வார். 'ப்ரீ லான்ச்' என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் கவனம். வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்துக்குள் வரும் திட்டம் எதையும் பதிவு எண் வாங்குமுன் விளம்பரப்படுத்தவோ முன்பணம் வாங்கவோ கூடாது.

எத்தனை நாள் வரை ஒன்று 'நியூ'? துறைக்குத் துறை வேறு. மருத்துவத்தில் 'நியூபார்ன்' என்பது பிறந்த 28 நாள் வரை. அமெரிக்காவில் விளம்பரத்தில் ஒரு பொருளை 'நியூ' என்று சொல்ல, அங்குள்ள வணிக ஆணையம் வைத்த பொது அளவு ஆறு மாதம். 'நியூ மூன்' ஒரே நாள், அதுவும் கண்ணுக்கே தெரியாத நாள், அது அமாவாசை. மூன்றாம் பிறைக்கு ஆங்கிலத்தில் 'க்ரெசென்ட்'. மொழிபெயர்ப்புச் செயலிகள் 'புது நிலா' என்று போட்டு வைப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

'ஃப்ரெஷ்': எதை மறுக்கிறது?

இந்தச் சொல்லுக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 'நியூ' காலத்தைப் பற்றிப் பேசும். 'ஃப்ரெஷ்' பொருளின் நிலையைப் பற்றிப் பேசும். எப்போதும் ஒரு கேடு அல்லது மாற்றம் இதற்கு நேரவில்லை என்று மறுத்துக்கொண்டே இருக்கும். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல், தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது 'உப்பில்லாத' என்ற பொருளில் வந்தது. அந்தப் பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. 'ஃப்ரெஷ்வாட்டர் ஃபிஷ்' என்றால் இன்று பிடித்த மீன் என்று பொருளில்லை; ஆற்றிலோ குளத்திலோ வளரும் நன்னீர் மீன். ரஸல் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் மூன்று நாள் கிடந்த கட்லாவும் ஃப்ரெஷ்வாட்டர் ஃபிஷ்தான். 'ஃப்ரெஷ் ஃபிஷ்' ஆகுமா என்பது வேறு கேள்வி.

அடுத்தடுத்து எதிர்களை வைத்துப் பாருங்கள். 'ஃப்ரெஷ் ஜிஞ்சர்': எதிர், காய்ந்தது. தமிழில் இதற்கு அடைமொழியே வேண்டாம். இஞ்சி என்றாலே அதுதான், காய்ந்தால் சுக்கு என்று பெயரே மாறிவிடும். சமையல் குறிப்பை மொழிபெயர்ப்பவர்கள் 'புதிய இஞ்சி' என்று எழுதுவது இதைக் கவனிக்காததால்தான். 'ஃப்ரெஷ் டர்மரிக்' பச்சை மஞ்சள். தமிழில் இந்த இடத்துக்குச் சரியாக உட்காரும் சொல் பெரும்பாலும் 'பச்சை'. 'ஃப்ரெஷ் பீஸ்' என்றால் எதிர், உறைய வைத்த பட்டாணி. 'ஃப்ரெஷ் பிரெட்' என்றால் எதிர், நேற்றைய ரொட்டி. 'ஃப்ரெஷ் டவல்' என்றால் எதிர், அழுக்குத் துண்டு; அந்தத் துண்டு ஐந்து வருடம் பழையதாக இருக்கலாம். 'ஃப்ரெஷ் ஏர்' என்றால் எதிர், அடைத்த அறைக் காற்று. 'ஐ ஃபீல் ஃப்ரெஷ்' என்றால் எதிர், களைப்பு. 'ஃப்ரெஷ் பெயின்ட்' என்றால் எதிர், காய்ந்த பெயின்ட். உட்காராதீர்கள் என்று அர்த்தம்.

உணவு உறையில் இந்தச் சொல்லை இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் இதற்கு எல்லை வகுத்திருக்கின்றன. கழுவுவது, தோலுரிப்பது, நறுக்குவது, குளிரூட்டுவது போன்றவற்றைத் தாண்டிப் பதப்படுத்திய பொருளை 'ஃப்ரெஷ்' என்று சொல்லக் கூடாது. 'ஃப்ரெஷ்லி' என்று சேர்த்தால் அந்தச் செயல் சற்றுமுன் நடந்தது என்பதைத் தவிர வேறு பொருள் தொனிக்கக் கூடாது. கெடாமல் வைக்கச் சேர்மானம் கலந்த பொருளை 'ஃப்ரெஷ்லி பேக்டு' (இப்போதுதான் பொட்டலமிட்டது) என்று சொல்வதும் தவறு. சட்டத்தை எழுதியவர்களும் எதிர்ச்சொல்லை வைத்துத்தான் பொருளைப் பிடித்திருக்கிறார்கள்.

'ஃப்ரெஷ்லி' என்பதைக் காபித்தூள் கடையில் பார்த்தால் தெளிவாகும். 'ஃப்ரெஷ்லி ரோஸ்டட்', 'ஃப்ரெஷ்லி கிரவுண்டு' இரண்டும் வேறு வேறு வாக்குறுதிகள். மூன்று மாதம் முன் வறுத்த கொட்டையை உங்கள் கண்முன் அரைத்துத் தந்தால் இரண்டாவது உண்மை, முதலாவது பொய். வாசனை குறைவது வறுத்த நாளிலிருந்து தொடங்கும், அரைத்த பிறகு அது வேகம் பிடிக்கும். ஆகவே 80க்கு 20 சிக்கரி என்று கலவை சொல்லும்போதே, எப்போது வறுத்தது என்றும் கேட்பது நல்லது. இந்த இடத்தில் 'நியூலி கிரவுண்டு' என்று சொன்னால் கேட்பவருக்குப் புரியும், ஆனால் காதில் இடறும். சமையல், கைவேலை, பூச்சு ஆகியவற்றோடு 'ஃப்ரெஷ்லி' போகும். கட்டடம், திருமணம், நியமனம், கண்டுபிடிப்பு ஆகியவற்றோடு 'நியூலி' போகும். இதற்கு விதி தேட வேண்டாம், ஜோடியாகவே பழகிக்கொள்ளுங்கள்.

அலுவலக ஆங்கிலத்தில் 'ஃப்ரெஷ்' இன்னொரு திசையில் போகிறது: முந்தையதைக் கணக்கில் எடுக்காமல், முதலிலிருந்து. 'ஃப்ரெஷ் அப்ளிகேஷன்', 'ஃப்ரெஷ் ஸ்டார்ட்', 'ஃப்ரெஷ் டெண்டர்' எல்லாம் இந்த வகை. செய்தித்தாளில் 'ஃப்ரெஷ் ப்ரொடெஸ்ட்ஸ்' என்றால் ஏற்கெனவே ஒரு போராட்டம் நடந்து ஓய்ந்திருக்கிறது, மறுபடி கிளம்பியிருக்கிறது என்று குறிப்பு. வெறும் 'நியூ' போட்டிருந்தால் அந்தக் குறிப்பு இவ்வளவு அழுத்தமாக வராது.

இந்தச் சொல் பலரைத் தவறான பெட்டியில் டிக் அடிக்க வைப்பது பாஸ்போர்ட் விண்ணப்பத்தில். 'ஃப்ரெஷ்', 'ரீஇஷ்யூ' என்று இரண்டு தேர்வுகள் வரும். பத்து வருடம் முடிந்துவிட்டது, புதுப் புத்தகம் வேண்டும், ஆகவே 'ஃப்ரெஷ்' என்று நினைப்பது இயல்பு. ஆனால் அங்கே 'ஃப்ரெஷ்' என்றால் வாழ்நாளில் முதல்முறை. எதிர், முன்பு ஒருமுறையாவது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர். காலாவதியானாலும், தொலைந்தாலும், கிழிந்தாலும், பக்கம் தீர்ந்தாலும், திருமணத்துக்குப் பின் பெயரோ முகவரியோ மாறினாலும் 'ரீஇஷ்யூ'தான். பேச்சில் இதை 'ரினியூ பண்றது' என்போம். வருவதோ புது எண் கொண்ட புதுப் புத்தகம். பழையதை ரத்து முத்திரையிட்டுத் திருப்பித் தருவார்கள். அதில் காலம் முடியாத வெளிநாட்டு விசா ஒட்டியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயணத்தில் இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

'ஃப்ரெஷர்' என்பது பெங்களூருவின் தினசரிச் சொல். இங்கே எதிர், அனுபவம் உள்ளவர். நிறுவன மொழியில் 'லேட்டரல்'. பிரிட்டனில் அதே சொல்லுக்குக் கல்லூரியில் முதல் ஆண்டு சேர்ந்த மாணவர் என்று பொருள். எதிர், இரண்டாம் மூன்றாம் ஆண்டுக்காரர். அமெரிக்கர் பலருக்கு இந்தச் சொல்லே பழக்கமில்லை. 'வீ ஹேவ் டூ ஃப்ரெஷர்ஸ் இன் த டீம்' என்று கலிஃபோர்னியாவில் உள்ள வாடிக்கையாளருக்கு எழுதினால் அவர் யோசித்துக்கொண்டிருப்பார். 'நியூ கிராஜுவேட்ஸ்' என்றோ 'என்ட்ரி லெவல்' என்றோ எழுதுங்கள். 'நியூ ஜாயினீ' என்பதும் நம் நாட்டுச் சரக்கு. அமெரிக்காவில் 'நியூ ஹயர்', பிரிட்டனில் 'நியூ ஸ்டார்ட்டர்'. நேர்முகத்தில் 'ஐ ஆம் ஃப்ரெஷர்' என்று நிறுத்தாமல் 'எ ஃப்ரெஷர்' என்று அந்த ஒற்றை எழுத்தைச் சேர்த்துக்கொள்வதும் அவசியம்.

இரண்டு பொறிகள் மீதம். 'வீ ஆர் ஃப்ரெஷ் அவுட் ஆஃப் மில்க்' என்று அமெரிக்கர் சொன்னால் பால் புதிதாக வந்திருக்கிறது என்று மகிழ வேண்டாம், இப்போதுதான் தீர்ந்துபோயிற்று. 'ஃப்ரெஷ் அவுட் ஆஃப் காலேஜ்' என்றால் மட்டும் கல்லூரியிலிருந்து நேராக வந்தவர். அடுத்தது, 'டோன்ட் கெட் ஃப்ரெஷ் வித் மீ' என்பது அத்துமீறிப் பேசாதே, வாலாட்டாதே என்று எச்சரிக்கை. முகம் கழுவப் போவது 'ஃப்ரெஷன் அப்'. நம்மூரில் 'ஃப்ரெஷ் ஆயிட்டு வரேன்' என்று சொல்லிப் பழகிவிட்டு 'ஐ வில் கெட் ஃப்ரெஷ்' என்று மொழிபெயர்த்தால் விபரீதம்.

'புதுசா' என்ற சொல் செய்யும் குழப்பம்

'புதுசா சேர்ந்திருக்கேன்' என்பதை அப்படியே தூக்கிப் போட்டால் 'ஐ நியூலி ஜாயின்டு' என்று வரும். இங்குள்ள தமிழர், கன்னடர், தெலுங்கர் எல்லாரும் செய்யும் பிழை இது, நம் மொழிகள் மூன்றிலும் 'புதிதாக' என்பது வினையோடு தாராளமாகச் சேரும் என்பதால். ஆங்கிலத்தில் 'நியூலி' பெரும்பாலும் முடிந்த வினையிலிருந்து வந்த அடைமொழிக்கு முன்னால் மட்டுமே நிற்கும்: 'நியூலி மேரீடு கப்பிள்', 'நியூலி பில்ட் ஹவுஸ்'. வாக்கியத்தின் முக்கிய வினையோடு அதைச் சேர்க்காதீர்கள். 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஜாயின்டு' என்றோ 'ஐ ஆம் நியூ ஹியர்' என்றோ சொல்லலாம். 'புதுசா ஒரு கடை திறந்திருக்காங்க' என்றால் புதுமையை வினையிலிருந்து எடுத்துப் பெயரில் ஒட்டுங்கள்: 'தே ஹேவ் ஓபன்டு எ நியூ ஷாப்'. பத்தில் எட்டு இடங்களில் இந்த ஒரே மாற்றம் போதும்.

'ரீசென்ட்' என்றால் எதிர், வெகுகாலம் முன்பு நடந்தது. பொருளைவிட நிகழ்ச்சிக்கே இது அதிகம் பொருந்தும். 'ரீசென்ட் மீட்டிங்' சரி, 'ரீசென்ட் ஷர்ட்' என்று யாரும் சொல்வதில்லை. படிவத்தில் 'ரீசென்ட் போட்டோகிராஃப்' என்று கேட்டால் அலுவலகத்துக்கு அலுவலகம் அளவு வேறு. அமெரிக்க விசாவுக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். புவியியலாளர்கள் ஒரு காலத்தில் 'ரீசென்ட்' என்று பெயர் வைத்திருந்த யுகம் தொடங்கி சுமார் 11,700 ஆண்டுகள் ஆகின்றன. அவர்களிடம் போட்டோ கேட்காமல் இருப்பது நல்லது.

'லேட்டஸ்ட்', 'லாஸ்ட்' இரண்டும் 'லேட்' என்ற ஒரே வேரில் பிறந்தவை. 'ஹிஸ் லேட்டஸ்ட் ஃபிலிம்' என்றால் இதுவரை வந்ததில் புதியது, அடுத்ததும் வரலாம். 'ஹிஸ் லாஸ்ட் ஃபிலிம்' என்றால் இதற்கு முந்தையதாக இருக்கலாம், இனி வராது என்றும் இருக்கலாம். உயிரோடிருக்கும் நடிகரைப் பற்றி எழுதும்போது 'லேட்டஸ்ட்' போடுவது மரியாதை. பெயருக்கு முன் வெறும் 'லேட்' வந்தால் காலமானவர் என்று பொருள், அதுவும் நினைவிருக்கட்டும். 'சென்ட் இட் லேட்டஸ்ட் பை மண்டே' என்பது இந்திய வழக்கு. வெளியே 'பை மண்டே அட் த லேட்டஸ்ட்'. பொருள் ஒன்றுதான், திங்கள் தாண்டக் கூடாது.

மென்பொருள்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மென்பொருளை மூட்டைகட்டி அனுப்ப உதவும் டாக்கரில் ஒரு படிமத்துக்கு (இமேஜ்) பெயர்ச்சீட்டு (டேக்) எதுவும் கொடுக்காமல் ஏற்றினால் 'லேட்டஸ்ட்' என்ற சீட்டு தானாக ஒட்டிக்கொள்ளும். அது இயல்புச் சீட்டின் பெயர் மட்டுமே. நேற்று யாராவது 2.4 என்று தனிச் சீட்டுப் போட்டு ஏற்றியிருந்தால், 'லேட்டஸ்ட்' இன்னும் போன மாதத்துப் படிமத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பி, வாடிக்கையாளர் பயன்படுத்தும் 'ப்ரொடக்ஷன்' சூழலில் இறக்கிவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் பெல்லந்தூர் பக்கம் நிறைய. பதிப்பு எண்ணைச் சொல்லி இறக்குங்கள். இங்கே 'லேட்டஸ்ட்' என்பதற்கு எதிர் 'பழையது' இல்லை, 'எண் குறித்தது'.

மாடர்ன், நாவல், ஒரிஜினல்

'மாடர்ன்' என்பதற்கு எதிர் கேட்டால் வரலாற்றுக்காரர் 'இடைக்காலம்' என்பார், சமையலறை விற்பவர் 'பழங்காலத்து' என்பார். அதனால்தான் ஷேக்ஸ்பியர் எழுதியதும் 'மாடர்ன் இங்கிலீஷ்' வகையில்தான் சேரும், அதன் முற்பகுதியில். பேலஸ் ரோட்டில் மாணிக்கவேலு மாளிகையில் 2009இல் திறந்த தேசிய நவீன ஓவியக்கூடத்தின் பெயரிலும் 'மாடர்ன்' இருக்கிறது. ஓவிய உலகில் ராஜா ரவிவர்மாவும் மாடர்ன் கணக்கில் வருவார். அவர் காலமானது 1906இல். இன்று வரைபவர்களை 'கன்டெம்பரரி' என்பார்கள். இந்தச் சொல்லிலும் ஒரு வளைவு உண்டு. தனியே வந்தால் 'இக்காலத்து', 'பாரதியின் கன்டெம்பரரி' என்று வந்தால் 'பாரதி காலத்து'. வ.உ.சி. இரண்டாவது வகை.

'நாவல்' என்றதும் நமக்குக் கதைப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. அடைமொழியாக வந்தால் 'இதற்குமுன் அறியாத' என்று பொருள். 2020 தொடக்கத்தில் 'நாவல் கொரோனா வைரஸ்' என்று கேட்டுத் திகைத்தவர்கள் ஏராளம். கொரோனா வைரஸ் குடும்பம் ஏற்கெனவே தெரிந்தது. மனிதரிடம் முன்பு கண்டறியாத உறுப்பினர் இது என்பதைத்தான் அந்தச் சொல் குறித்தது. பிப்ரவரி 11 அன்று நோய்க்குக் கோவிட்-19 என்று நிலையான பெயர் வந்ததும் 'நாவல்' மெல்லக் கழன்றுகொண்டது. காப்புரிமையிலும் இதே பொருள்தான். நேற்றுக் காலை நீங்கள் சொந்தமாக யோசித்த கருவியாக இருந்தாலும், உலகில் எங்காவது யாராவது முன்பே வெளியிட்டிருந்தால் 'நாவல்டி' இல்லை என்று தள்ளிவிடுவார்கள். கடைத்தெருவில் 'நாவல்டி' என்றால் வேடிக்கைப் பொம்மை, விளையாட்டுச் சாமான். 'நியூஸ்' என்பது 'நியூ'வின் பன்மையாகப் பிறந்தது. நான்கு திசைகளின் முதலெழுத்து என்று பரவும் விளக்கம் கட்டுக்கதை. பிறப்பில் பன்மை என்றாலும் இன்று ஒருமை வினைதான் எடுக்கும்: 'த நியூஸ் இஸ் குட்'.

'ஒரிஜினல்' இந்தக் கூட்டத்திலேயே விசித்திரமானது. மிகப் பழையதையும் மிகப் புதியதையும் அதே சொல் சொல்லும். 'ஒரிஜினல் பில்டிங்' முதன்முதலில் கட்டியது, ஆகவே பழையது. 'ஒரிஜினல் ஐடியா' யாரும் யோசிக்காதது, ஆகவே புதியது. முதலாவதற்கு எதிர் 'பின்னால் சேர்த்தது', இரண்டாவதற்கு எதிர் 'காப்பி'. வேலையில் சேரும் நாளில் 'பிரிங் த ஒரிஜினல்ஸ்' என்றால் எதிர், ஜெராக்ஸ். மேலே சொன்ன உணவு விதிகளில் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கும் வரம்பு உண்டு: எங்கே தொடங்கியது என்று தடம் காட்டக்கூடிய, காலப்போக்கில் பெரிதாக மாறாத தயாரிப்பு முறையாக இருக்க வேண்டும். சட்டம் பழைய பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

மறுபடி புதிதாக்கும் சொற்கள்

'ரினியூ' செய்தால் பொருள் மாறாது, காலம் நீளும்: சந்தா, காப்பீடு, வாடகை ஒப்பந்தம். 'ரெனவேட்' செய்தால் கட்டடம் மாறும், முன்பு இருந்தது போலவே இருக்க வேண்டியதில்லை. 'ரெஸ்டோர்' இதற்கு நேர்மாறு. பழைய நிலைக்கே கொண்டுவருவது. பழைய பங்களாவை வாங்கியவர் ஒப்பந்தக்காரரிடம் இரண்டில் எதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து ஆத்தங்குடித் தரை தங்கும், அல்லது குப்பைக்குப் போகும்.

எஸ்.பி. ரோட்டில் காதில் விழுபவை 'ரிஃபர்பிஷ்டு', 'ஓபன் பாக்ஸ்', 'ப்ரீ ஓன்டு', 'மின்ட் கண்டிஷன்', 'லைக் நியூ'. 'ஓபன் பாக்ஸ்' என்றால் உறை பிரிந்தது, பயன்பாடு இல்லை அல்லது மிகக் குறைவு. 'ரிஃபர்பிஷ்டு' என்றால் திரும்பி வந்ததையோ பயன்படுத்தியதையோ சோதித்து, பழுது பார்த்து விற்பது. யார் பழுது பார்த்தது, தயாரித்த நிறுவனமா, கடைக்காரரா, எந்தெந்தப் பாகம் மாற்றினார்கள், பேட்டரி எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கேளுங்கள். 'ப்ரீ ஓன்டு' என்பது 'செகண்ட் ஹேண்டு' என்பதற்குப் போட்ட சட்டை. 'மின்ட் கண்டிஷ'னுக்கும் புதினாவுக்கும் உறவில்லை. இந்த 'மின்ட்' நாணயம் அடிக்கும் சாலை, அங்கிருந்து வந்த காசு போலக் கீறலில்லாதது என்று பொருள். 'பிராண்ட் நியூ' என்பதிலும் கம்பெனிப் பெயர் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. 'பிராண்ட்' என்ற சொல்லின் பழைய பொருள் நெருப்பு. உலையிலிருந்து இப்போது எடுத்தது என்று வந்த தொடர். இதற்கு முன்னால் 'வெரி' போடக் கூடாது.

'லைக் நியூ' என்று எழுதியிருந்தால், அது நியூ இல்லை என்று விற்பவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பொதுவாக வாரண்டி ஓடத் தொடங்குவது அந்தப் பில்லில் உள்ள தேதியிலிருந்துதான், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல.